மைக்ரோசொப்ட் ஏற்காத பழைய கணினியில் விண்டோஸ் 11: முழுமையான வழிகாட்டி

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து கல்லடியிலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் இருந்து லெப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியாகத்தான் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மடியில் வைத்திருந்த லெப்டொப்பைத் தடவியபடியே, "தம்பி, இது பதினொண்டுக்குப் போகாதெண்டு காட்டுது, இனி இதக் கழிச்சு விடுறதா?" என்று கேட்டார். கழிக்க வேண்டியதில்லை என்பதே என் பதில். அந்தப் பொறியால் விண்டோஸ் 11ஐ ஓட்ட முடியும். நிறுவியின் தொடக்கத்தில் வரும் ஒரு சோதனைதான் அதை வாசலில் தடுத்து நிறுத்துகிறது. ஆனால் அந்தச் சோதனையைத் தாண்டுவது வேலையில் மிகச் சிறிய பகுதி. பொறியை எடைபோடுவது, பழுதான பாகங்களை மாற்றுவது, கோப்புகளைக் காப்பது, பின்னர் ஆண்டுதோறும் பராமரிப்பது ஆகியவற்றை ஒழுங்காகச் செய்தால்தான் தாண்டியதற்குப் பயன் இருக்கும். அந்த ஒழுங்கிலேயே இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

தடுப்பது எது?

விண்டோஸ் 11 வெளியானது 2021 ஒக்டோபர் 5ஆம் திகதி. அதற்கு மைக்ரோசொப்ட் விதித்த நிபந்தனைகளில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் போன்றவை பெரும்பாலான பொறிகளில் ஏற்கெனவே இருப்பவைதாம். சிக்கலைத் தருபவை மூன்று: டிபிஎம் 2.0, செக்யூர் பூட், அனுமதிக்கப்பட்ட புரோசசர்களின் பட்டியல். டிபிஎம் என்பது மறைகுறித் திறவுகோல்களைப் பாதுகாத்து வைக்கும் ஒரு தனிச் சில்லு. பல பொறிகளில் அது தனிச் சில்லாக இல்லாமல் புரோசசருக்குள்ளேயே இயங்கும் வசதியாக இருக்கும். செக்யூர் பூட் என்பது கணினி எழும்பும்போது நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருள் மட்டுமே ஏற அனுமதிக்கும் ஏற்பாடு. புரோசசர் பட்டியலோ, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் தொடங்குகிறது.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால் தொழில்நுட்பக் காரணமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு உண்டு. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஏறும் ஒவ்வொரு நிரலும் சரியானதா என்பதை அது மெய்நிகர் அடுக்கு ஒன்றில் இருந்து சரிபார்க்கிறது. அந்த வேலையை விரைவாகச் செய்யும் வன்பொருள் வசதி இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்திய புரோசசர்களில் அதையே மென்பொருளால் பாவனை செய்ய வேண்டியிருப்பதால் கணினி தளர்கிறது. ஆகவே பழைய பொறியில் நாம் இழக்கப்போவது இந்தக் கூடுதல் பாதுகாப்பு அடுக்கை. மாதாந்தத் திருத்தங்களே இல்லாமல் விண்டோஸ் 10இல் இணையத்தைப் பாவிப்பதோடு ஒப்பிட்டால், ஓர் அடுக்குக் குறைந்தாலும் திருத்தங்களைப் பெறும் விண்டோஸ் 11 மேலானது என்பது என் தீர்மானம்.

மைக்ரோசொப்ட்டின் நிலைப்பாட்டையும் தெரிந்துகொண்டே இதில் இறங்க வேண்டும். நிபந்தனைகளை நிறைவு செய்யாத பொறிக்குத் திருத்தங்களைப் பெறும் உரிமை இல்லை என்று அந்த நிறுவனம் எழுத்தில் சொல்லியிருக்கிறது. நடைமுறையில், நான் இப்படி நிறுவிய பொறிகள் அனைத்துக்கும் மாதாந்தத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனாலும் அது உத்தரவாதம் ஆகாது. அதனால் மற்றவர்களின் விபரங்கள் ஏறியிருக்கும் கணினிகளில், அதாவது நோயாளர் பதிவு, கூட்டுறவுக் கடன் கணக்கு, அலுவலகச் சம்பளப் பட்டியல் போன்றவை உள்ளவற்றில், இந்த வழியை நான் செய்து கொடுப்பதில்லை. வீட்டுக் கணினி, உயர்தர மாணவரின் லெப்டொப், கடிதம் தட்டச்சிடும் சிறு கடை ஆகியவற்றுக்கே இது பொருந்தும்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். நாம் தாண்டுவது வன்பொருள் சோதனையை மட்டுமே, உரிமத்தை அன்று. முறையாகச் செயற்படுத்தப்பட்ட விண்டோஸ் 10 இருந்த பொறியில் அதே பதிப்பு விண்டோஸ் 11ஐ நிறுவினால், இணையத்தில் இணைந்ததும் உரிமம் தானாகவே செயற்படும். அது இல்லாதவர்கள் யாரோ கொடுத்த 'கிராக்' மென்பொருளை ஓட்டுவது, பாதுகாப்புக்காகச் செய்யும் வேலையின் அடிப்படையையே உடைத்துவிடும். அத்தகைய மென்பொருளோடு கடவுச்சொல் திருடும் நிரல்கள் சேர்ந்து வருவதைப் பல கணினிகளில் கண்டிருக்கிறேன்.

முதற்படி: பொறியை எடைபோடுங்கள்

விண்டோஸ் 10இல் செட்டிங்ஸைத் திறந்து, சிஸ்டம் என்பதற்குள் அபவுட் பகுதிக்குப் போனால் புரோசசரின் பெயர் தெரியும். ஒன்பதாம் தலைமுறை வரையான இன்டெல் கோர் புரோசசர்களில் ஐ3, ஐ5, ஐ7 என்பதற்குப் பின் வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கமே தலைமுறை. ஐ5-6200யூ என்றால் ஆறாம் தலைமுறை, ஐ3-4005யூ என்றால் நான்காம் தலைமுறை. அந்தப் பகுதியில் மூன்றே இலக்கங்கள் இருந்தால், உதாரணமாக ஐ5-520எம், அது முதலாம் தலைமுறை.

கோர் 2 டுவோ வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிட வேண்டும். 24எச்2 என்ற 2024ஆம் ஆண்டு வெளியீட்டிலிருந்து விண்டோஸ் 11க்கு எஸ்எஸ்ஈ4.2, பொப்கவுண்ட் என்னும் புரோசசர் கட்டளைகள் கட்டாயம் வேண்டும். அவை இல்லாத புரோசசரில் எந்தச் சோதனையைத் தாண்டினாலும் கணினி எழும்பாது. இது நிறுவியின் தடையன்று, இயங்குதளமே அந்தக் கட்டளைகளைக் கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. அத்தகைய பொறிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் போட்டுக் கொடுக்கிறேன். லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. உலாவி, கடிதம் எழுதுதல், காணொளி பார்த்தல் ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும்.

முதலாம் தலைமுறையிலிருந்து மூன்றாம் தலைமுறை வரையானவை ஓடும். ஆனால் திரை, வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருட்களைத் தேடிப் போராட வேண்டியிருக்கும். நான்காம் தலைமுறை முதல் ஏழாம் தலைமுறை வரையான பொறிகளே இந்த வழிகாட்டியின் உண்மையான இலக்கு. அவற்றுள்ளும் ஆறாம், ஏழாம் தலைமுறை லெப்டொப்கள் பலவற்றில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டுமே இருக்கின்றன. புரோசசர் பட்டியலில் இல்லை என்ற ஒரே குறைக்காகவே அவை ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

அடுத்து ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறங்கள். அதில் பயோஸ் மோட் என்ற வரியில் யூஈஎஃப்ஐ (புதிய முறை) என்றோ லெகசி (பழைய முறை) என்றோ இருக்கும்; பயோஸ் என்பது விண்டோஸ் ஏறுவதற்கு முன் கணினியை எழுப்பும் மென்பொருள். செக்யூர் பூட் ஸ்டேட் என்ற வரியில் அது இயங்குகிறதா என்று தெரியும். டிபிஎம் பற்றி அறிய விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி என்ற பகுதியைத் திறந்தால், செக்யூரிட்டி புரோசசர் விபரங்களில் 1.2 அல்லது 2.0 என்று காட்டும். அந்தப் பகுதியே இல்லாவிட்டால் டிபிஎம் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பயோஸில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். இந்த மூன்று விபரங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உள்ளே கை வையுங்கள்

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11ஐ நிறுவுவதற்கு நான் உடன்படுவதே இல்லை. நிறுவ முடியும், ஆனால் கணினி எழும்பிப் பாவனைக்கு வருவதற்குள் பொறுமை போய்விடும், பழியும் விண்டோஸ் 11 மீது விழும். சுழலும் பாகம் இல்லாத 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றைப் போடுவதுதான் பழைய லெப்டொப்புக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை. 256 ஜிபி கொள்ளளவு போதும். ரேம் 4 ஜிபியில் ஓடும் என்று நிபந்தனை சொன்னாலும் 8 ஜிபி இல்லாமல் வசதியாக இருக்காது. வாங்குவதற்கு முன் உங்கள் பொறிக்கு டிடிஆர்3எல் வேண்டுமா, டிடிஆர்4 வேண்டுமா என்பதைப் பழைய ரேமைக் கழற்றி அதில் ஒட்டியுள்ள தாளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்; ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

புது எஸ்எஸ்டி வாங்குவதில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. பழைய டிஸ்க்கை அழிக்காமல் அப்படியே கழற்றி எடுத்து வைக்கலாம். புதிய நிறுவல் எங்காவது பிழைத்தால் பழைய டிஸ்க்கைத் திரும்பப் பூட்டியதும் நேற்றைய கணினி அப்படியே வந்துவிடும். இதைவிட நிம்மதியான காப்பு வேறில்லை.

மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் இடையில் வசிப்பவர்கள் மூடியைத் திறந்ததும் உலோக முனைகளைக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் சேர்ந்து ரேமின் பொன்னிற முனைகளில் மங்கலான படலத்தை உண்டாக்கிவிடும். பென்சில் அழிறப்பரால் அந்த முனைகளை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டுப் பூட்டினால், காரணமில்லாமல் நின்றுபோகும் பல கணினிகள் ஒழுங்குக்கு வந்துவிடும். பட்டரி உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. அது மாற்றப்படும் வரை வேறு எந்த வேலையும் வேண்டாம்.

இந்த இடத்தில் எனக்கு நேர்ந்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். என் வீட்டிலிருந்த பழைய டெஸ்க்டொப்பில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து முடித்து, ஒரு கிழமை நன்றாகப் பாவித்தேன். மார்கழி மழையில் ஒருநாள் கரன்ட் போய் மறுநாள் வந்தபோது, துவங்குவதற்கு டிஸ்க் இல்லை என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் நின்றது. புது எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று எண்ணி, இரவு முழுதும் அதைக் கழற்றிப் பூட்டி, கடைசியில் முழுவதும் மறுபடி நிறுவியே விட்டேன். காலையில் பயோஸைத் திறந்து பார்த்தால் திகதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. தாய்ப்பலகையில் இருக்கும் காசு வடிவப் பட்டரி இறந்து, பயோஸ் தன் பழைய அமைப்புக்குத் திரும்பி, யூஈஎஃப்ஐ இருந்த இடத்தில் லெகசி வந்து குந்தியிருந்தது. டிஸ்க்கில் எந்தக் குறையும் இருக்கவில்லை. சிஆர்2032 என்ற அந்தச் சிறு பட்டரி கைக்கடிகாரம் திருத்தும் கடைகளிலும் கிடைக்கும். பத்து ஆண்டு பழைய டெஸ்க்டொப் என்றால் அதை முதலில் மாற்றிவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: கோப்புகளையும் எழுத்துருக்களையும் காப்பாற்றுங்கள்

டொகியூமென்ட்ஸ், டெஸ்க்டொப், படங்கள் ஆகியவற்றை எல்லோரும் நினைவாகப் பிரதி எடுக்கிறார்கள். மறப்பது எழுத்துருக்களை. நம் பகுதியில் திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், பாடசாலை வினாத்தாள் என்று ஆண்டுக்கணக்காகச் சேர்ந்திருக்கும் கோப்புகளில் பெரும்பங்கு பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினி யுனிகோட் அன்று; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கும் எழுத்துரு. ஆகவே அது இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், அம்மா என்று அடித்த சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில வரிசையாகத் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று பதறி அழித்தவர்கள் இருக்கிறார்கள். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபொன்ட்ஸ் என்ற கோப்புறையைத் திறந்து, அதிலுள்ள தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் பென் டிரைவில் பிரதி எடுங்கள். புதிய கணினியில் அவற்றை வலது சொடுக்கி இன்ஸ்டோல் கொடுத்தால் பழைய கோப்புகள் எல்லாம் மறுபடி தமிழாகிவிடும்.

உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், பிரின்டரின் மாதிரி எண், காசு கொடுத்து வாங்கிய மென்பொருட்களின் திறவுகோல்கள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அபவுட் பகுதியில் உங்கள் விண்டோஸ் 10 ஹோம் பதிப்பா, புரோ பதிப்பா என்பதைப் பார்த்து எழுதுங்கள்; நிறுவும்போது இது மிக அவசியம். டிஸ்க்கிலுள்ளதைத் திறவுகோல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டும் மறைகுறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் பயோஸைத் தொடுவதற்கு முன் அதை அணைத்துவிட வேண்டும்.

நான்காம் படி: பயோஸ்

லெப்டொப்பை அணைத்து, மீண்டும் ஏற்றும் கணத்திலேயே உரிய விசையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். டெல், ஏசர், ஆசஸ் லெப்டொப்களில் பொதுவாக எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 அல்லது எஃப்2. உள்ளே போனதும் மூன்று விடயங்களைத் தேடுங்கள். பூட் மோட் என்பதை யூஈஎஃப்ஐக்கு மாற்றுங்கள். செக்யூர் பூட்டை இயக்குங்கள். செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்ட் பகுதியில் டிபிஎம்மை இயக்குங்கள். இன்டெல் பொறிகளில் அது பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி பொறிகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கலாம். நான்காம் தலைமுறை டெஸ்க்டொப் ஒன்றில் டிபிஎம் இல்லவே இல்லை என்று உரிமையாளர் சாதித்தார். பிடிடியை இயக்கியதும் 2.0 என்று வந்து நின்றது. சோதனையைத் தாண்டலாம் என்பதற்காக இருக்கும் பாதுகாப்பைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

ஓர் எச்சரிக்கை: பழைய டிஸ்க்கையே தொடர்ந்து பாவிக்கப் போகிறவர்கள், சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் லெகசி என்று இருந்தால், பூட் மோடை மாற்றியதும் பழைய விண்டோஸ் எழும்பாது. அந்த டிஸ்க் எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கும், யூஈஎஃப்ஐக்கு ஜிபிடி முறை வேண்டும். கோப்புகளை இழக்காமல் மாற்றும் கருவி விண்டோஸுக்குள்ளேயே உண்டு. ஆனால் முதற்தடவை செய்பவர்களுக்குப் புது எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவுவதையே நான் சொல்வேன்.

லெப்டொப் நிறுவனத்தின் தளத்தில் பயோஸுக்குப் புதிய திருத்தம் இருந்தால் அதையும் ஏற்றலாம், அவசரமில்லை. ஆனால் அது ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தாய்ப்பலகையே பயனற்றுப் போகக்கூடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், எந்த முன்னறிவித்தலும் இல்லாமல்தான். நல்ல பட்டரி இல்லாத லெப்டொப்பிலும், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பிலும் பயோஸ் திருத்தத்தைத் தொடவே வேண்டாம்.

ஐந்தாம் படி: பென் டிரைவ் தயாரித்தல்

விண்டோஸ் 11இன் நிறுவல் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை மைக்ரோசொப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். அது இலவசம். பல ஜிபி அளவுள்ள கோப்பு என்பதால் இரவில் கூடுதல் டேட்டா தரும் பொதி வைத்திருப்பவர்கள் படுக்கும்போது இறக்கத் தொடங்கி விடியற்காலையில் எடுத்துக்கொள்ளலாம். இறக்கும் பக்கத்திலேயே அந்தக் கோப்புக்குரிய சரிபார்ப்பு எண் நீளமான வரிசையாகத் தரப்பட்டிருக்கும். தொடர்பு அறுந்து அறுந்து இறங்கிய கோப்பு குறைபட்டிருந்தால் நிறுவல் பாதியில் முறியும் என்பதால் அதை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பென் டிரைவ் 16 ஜிபி எடுங்கள். அதிலுள்ள எல்லாம் அழிக்கப்படும். பின்னர் ரூஃபஸ் என்ற சிறிய இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கித் திறங்கள், 4.6 அல்லது அதற்குப் பிந்திய வெளியீடாக இருக்க வேண்டும். மேலே உங்கள் பென் டிரைவ் தெரிவாகியிருக்கிறதா என்று அதன் கொள்ளளவை வைத்து உறுதிசெய்து, ஐஎஸ்ஓவைத் தெரிவுசெய்யுங்கள். அருகில் உள்ள சரி அடையாளப் பொத்தான் நான் சொன்ன சரிபார்ப்பு எண்ணைக் கணித்துத் தரும். பிரிப்பு முறை ஜிபிடி, இலக்கு யூஈஎஃப்ஐ என்று இருக்கட்டும்.

ஸ்டார்ட் அழுத்தியதும் ஒரு சிறு பெட்டி திறக்கும். இந்த வழிகாட்டியின் மையம் இந்தப் பெட்டிதான். முதல் வரி 4 ஜிபி ரேம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 ஆகிய தேவைகளை நீக்கவா என்று கேட்கும், அதைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டாவது, மைக்ரோசொப்ட் கணக்கு கட்டாயம் என்பதை நீக்குவது. கணினிக்குள் மட்டும் இயங்கும் பயனர் கணக்கை உருவாக்கவும் அங்கேயே பெயர் கொடுக்கலாம். பிட்லொக்கர் என்ற விண்டோஸின் மறைகுறியாக்கம் தானாக இயங்குவதைத் தடுக்கும் வரியையும் தெரிவுசெய்யும்படி வற்புறுத்துவேன். 24எச்2 முதல் புதிய நிறுவல்களில் மறைகுறியாக்கம் கேட்காமலே இயங்கத் தொடங்கும் வாய்ப்பு அதிகம், மீட்புத் திறவுகோலோ நிறுவும்போது அவசரத்தில் உருவாக்கிப் பின்னர் மறந்துபோன ஒரு கணக்கில் போய் இருக்கும். தாய்ப்பலகை பழுதாகும் நாளில் பிள்ளையின் படங்களை எடுக்க வழியில்லாமல் நின்ற குடும்பத்துக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. மறைகுறியாக்கம் நல்ல விடயம்தான். லெப்டொப்பை வெளியே கொண்டு திரிபவர்கள் பின்னர் தாங்களாகவே அதை இயக்கி, மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி அலுமாரியில் வைக்கலாம்.

ஆறாம் படி: நிறுவுதல்

பென் டிரைவைச் செருகி, கணினி எழும்பும்போது பூட் மெனு விசையை அழுத்துங்கள்: டெல், லெனோவோ, ஏசரில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். பென் டிரைவின் பெயர் யூஈஎஃப்ஐ என்ற சொல்லோடு வரும் வரியைத் தெரிவுசெய்யுங்கள். மொழியும் விசைப்பலகையும் கேட்ட பின், திறவுகோல் கேட்கும் இடத்தில் என்னிடம் இல்லை என்பதை அழுத்தி, முன்பு எழுதி வைத்த அதே பதிப்பைத் தெரிவுசெய்யுங்கள். ஹோம் இருந்த பொறியில் ஆசைப்பட்டுப் புரோவைப் போட்டால் பழைய உரிமம் செயற்படாது.

புது எஸ்எஸ்டியில் ஒதுக்கப்படாத இடம் என்று ஒரே வரிதான் தெரியும். அதை அழுத்தி மேலே போகலாம். இரண்டு டிஸ்க்குகள் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, கணினியை அணைத்து, பழையதைக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். எந்த வரி எது என்று ஊகிப்பதில்தான் வாழ்நாள் சேமிப்புகள் அழிகின்றன. முதல் மறுதொடக்கத்தின்போது பென் டிரைவைக் கழற்றிவிட வேண்டும். அமைப்புத் திரைகள் வரும்போது வைஃபையை இணைக்காமலே போங்கள். கணினிக்குள் மட்டுமான கணக்கு அப்போதுதான் சிக்கலின்றி உருவாகும். நேர வலயத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

நிறைய மென்பொருட்கள் ஏற்றியிருப்பதால் புதிதாகத் தொடங்க விரும்பாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே பென் டிரைவைத் திறந்து செட்டப் கோப்பை ஓட்டினால், கோப்புகளையும் மென்பொருட்களையும் வைத்துக்கொண்டு மேலேற்றும். வன்பொருள் சோதனையை இந்த வழியிலும் தாண்டச் செய்யும் ஏற்பாடு ரூஃபஸ் 4.6இல் வந்தது. சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். மேலேற்றிய 10 நாட்களுக்குள் செட்டிங்ஸின் ரிக்கவரி பகுதி வழியாக விண்டோஸ் 10க்குத் திரும்ப முடியும் என்பது இந்த வழியின் நன்மை. பழைய கணினியின் குப்பையும் கூடவே வருவது தீமை.

ஏழாம் படி: முதல் நாள் வேலைகள்

வைஃபை டிரைவர் இல்லாமல் கணினி எழும்பினால் கலங்க வேண்டாம். கைப்பேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து, அதன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் இணையம் வந்துவிடும். பிறகு விண்டோஸ் அப்டேட்டை ஓட்டி, அதிலுள்ள ஒப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியையும் பாருங்கள். பெரும்பாலான டிரைவர்கள் அங்கே கிடைத்துவிடும். டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளம் எஞ்சியிருந்தால், லெப்டொப் நிறுவனத்தின் தளத்திலுள்ள விண்டோஸ் 10 டிரைவரையே போடலாம். அது பொதுவாக வேலை செய்கிறது. பழைய கைரேகை வாசிப்பான்கள் சில கடைசிவரை உயிர்பெறாமலே போனதுண்டு.

விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பகுதிக்குள் மெமரி இன்டெக்ரிட்டியை ஒரு நாள் இயக்கிப் பாருங்கள். ஏழாம் தலைமுறைப் பொறி பெரும்பாலும் தாங்கும். ஆறாம் தலைமுறையிலும் அதற்கு முந்தியவற்றிலும் கணினி கண்ணுக்குத் தெரியத் தளர்ந்தால் அணைத்துவிடலாம்.

தமிழ் தட்டச்சுக்குச் செட்டிங்ஸில் தமிழ் மொழியைச் சேர்த்தால், தமிழ் 99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் விண்டோஸ் 11இலேயே இருக்கின்றன. பாமினி அல்லது ரங்கநாதன் விசைப் பழக்கம் உள்ளவர்கள் முன்பு பாவித்த மென்பொருளையே மறுபடி நிறுவிக்கொள்ளலாம். கடைசியாக, செட்டிங்ஸின் அக்டிவேஷன் பகுதியில் உரிமம் செயற்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணினி நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை என்ற சிறு குறிப்புத் திரையின் ஓரத்தில் அல்லது செட்டிங்ஸில் தோன்றலாம். அதனால் எந்த வசதியும் தடைப்படாது.

ஆண்டுக்கொரு முறை

மாதாந்தத் திருத்தங்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடப்படும். அவை தாமாக இறங்கும். ஆனால் ஆண்டுதோறும் வரும் பெரிய வெளியீட்டை நம் பொறிக்குத் தானாகத் தரமாட்டார்கள். ஹோம், புரோ பதிப்புகளில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 24 மாத ஆதரவு உண்டு: 24எச்2க்கு 2026 ஒக்டோபர் 13 வரை, 25எச்2க்கு 2027 ஒக்டோபர் 12 வரை. அந்தத் திகதி நெருங்குவதற்குள் புதிய ஐஎஸ்ஓவை இறக்கி, ரூஃபஸில் அதே பெட்டியைத் தெரிவுசெய்து, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பை ஓட்டி மேலேற்ற வேண்டும். கோப்புகள் அப்படியே இருக்கும். இதைச் செய்யத் தவறினால் திருத்தங்கள் நின்று, விண்டோஸ் 10இல் இருந்த அதே நிலைக்கே திரும்பிவிடுவோம்.

இவ்வளவையும் இப்போது செய்ய நேரமில்லாதவர்கள் விண்டோஸ் 10க்கான நீடித்த திருத்தத் திட்டத்தில் சேரலாம். மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணமின்றியும், இல்லாவிட்டால் 30 டொலர் செலுத்தியும் சேர்ந்து, 2026 ஒக்டோபர் 13 வரை திருத்தங்களைப் பெறலாம்.

வேலை முடிந்த லெப்டொப்பின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு தாளை ஒட்டி, நிறுவிய வெளியீடு, அதன் ஆதரவு முடியும் திகதி, பயோஸுக்குப் போகும் விசை ஆகிய மூன்றையும் எழுதுகிறேன். கழற்றிய பழைய டிஸ்க்கை ஈரம் உறிஞ்சும் சிறு பொதியோடு பொலித்தீன் பையில் கட்டி, உரிமையாளரின் பெயரையும் திகதியையும் எழுதி அவரிடமே கொடுத்துவிடுகிறேன். மூன்று மாதம் புதியதில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய பின்னரே அதை அழிக்கச் சொல்கிறேன்.